கொச்சிக் கொல்லையிற் பூத்த பெருநூல்

மாசி கழிந்து பங்குனி பிறந்துவிட்டால் எம் வீட்டுக் கொல்லைப்புறம் வேறோர் இடமாக மாறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் நின்ற கொன்றை, இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டுப் பொற்சரங்களைத் தொங்கவிடுகிறது. மதிலோரத்து முருங்கை வெண்பூக்களைச் சொரிகிறது. செம்பருத்திப் பூவின் அடியிலே தலைகீழாகத் தொங்கித் தேன்சிட்டு தேனுண்கிறது. கறிவேப்பிலைக் கன்றில் முட்டையிடுவதற்காகக் கருநிற வண்ணத்துப்பூச்சி வட்டமிடுகிறது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து சருகுகளைப் புரட்டிக்கொண்டு ஓயாது பேசுகின்றன. செம்போத்து மட்டும் தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போல நிதானமாக மதிலின்மேல் நடந்து எல்லாவற்றையும் பார்வையிடுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. இரவுப் பணி முடித்து வந்து படுப்பவர்க்கு அது இசையா, இடையூறா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். கொச்சியிலோ இளவேனில் சற்று முந்திக்கொள்கிறது. மேட மாதப் பிறப்பில் விஷுக்கணி வைப்பதற்குத் தன் பூ வேண்டும் என்பது கொன்றைக்கே தெரியும் போலும்! மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளும், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளும் நிறைந்த மட்டாஞ்சேரியிலே, நம் காலனி வீடுகளின் பின்னால் இத்துணை உயிர்கள் வாழ இடமிருப்பது வியப்புத்தான்.

இந்தக் கொல்லையைக் குறித்து யாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனோடு ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஆண்டு விழா மலரின் பக்கங்களில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

யாம் எழுதிய தீர்மானம்

சென்ற ஆடி மாதத்து மழையில் கொல்லைப்புறம் முழுவதும் தண்ணீர் தேங்கிற்று. கொசு பெருகிற்று. ஒரு மாலை வேளையில் நீண்ட பாம்பொன்று மதிலேறிச் சென்றதைக் குழந்தைகள் கண்டு அலறினர். மறுவாரமே காலனிக் குடும்பங்கள் கூடிப் பேசின. வீடுகளுக்குப் பின்னாலுள்ள பொது நிலத்தைத் துப்புரவாக்கி, சிமெண்டுக் கற்கள் பதித்துவிடலாம். துணி உலர்த்தவும், வண்டிகள் நிறுத்தவும் வசதியாயிருக்கும் என்று முடிவாயிற்று. அலுவலகத்தில் கடிதம் எழுதியே வயது நாற்பதைக் கடந்த எம்மிடம் தீர்மானத்தை எழுதும் பொறுப்பு வந்தது. "பயனற்ற செடிகொடிகளை அறவே அகற்றி" என்று ஒரு தொடரை அதிலே சேர்த்தோம். கேட்டவர்கள், "நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றனர். யாமும் மகிழ்ந்தோம்.

பணம் திரட்டத் தாமதமானமையால் வேலை தள்ளிப்போயிற்று. இவ்வாண்டு தையில், வெட்ட வேண்டிய மரஞ்செடிகளுக்கு ஒரு பட்டியல் வேண்டுமென்று ஒப்பந்தக்காரர் கேட்டார். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு யாமே கொல்லைக்குச் சென்றோம். தென்னை, வாழை, மா, பலா, முருங்கை என்று பதினொரு பெயர் எழுதிய பின் பேனா நின்றுவிட்டது. மற்றவை பச்சையாயிருந்தன என்பதற்கு மேல் எமக்கு எதுவும் தெரியவில்லை.

அப்போது தேங்காய் பறிக்க வந்திருந்த முதியவர் ஒருவர், எம் திகைப்பைக் கண்டு அருகில் வந்தார். பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவர் என்று பின்னர் அறிந்தோம். "சேட்டா, இதன் பெயர் என்ன?" என்று ஒன்றைக் காட்டி யாம் கேட்க, அவர் கொல்லை முழுவதையும் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இது சளிக்கு, இது புண்ணுக்கு, இது பிள்ளை பெற்றவளுக்குக் குளிக்கும் நீரில் இட, இது தின்றால் ஆபத்து, இது ஓணப் பூக்களத்திற்கு என்று பெயரோடு பயனும் வந்தது. எம் பட்டியல் முப்பத்தொன்றாக வளர்ந்தது. ஆடியில் மதிலேறிய பாம்பைப் பற்றியும் கேட்டோம். "அது சாரை. அது இல்லையென்றால் உங்கள் அரிசிப் பானைக்கு எலி காவல் இருக்கும்" என்று சிரித்தார்.

இந்தக் கதையைப் பக்கத்துத் தெருவிலுள்ள கொங்கணிப் பெரியவர் ஒருவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கொச்சியில் இதே பட்டியலை எழுதியிருக்கிறார்கள். அதை எழுதியவர்களில் மூவர் எம் இனத்தவர்" என்றார். அன்று தொடங்கியது எம் தேடல். நூலகத்திலும் நண்பர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இனிச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

டச்சுத் தளபதியும் ஈழவ வைத்தியரும்

1663-ஆம் ஆண்டு ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சிக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் மலையாளக் கரைத் தளபதியாக 1670 முதல் ஏழாண்டுக் காலம் இருந்தவர் ஹென்றிக் அட்ரியான் வான் ரீட் என்பவர். 1636-இல் பிறந்த இவர் சிறு வயதிலேயே கடல் கடந்து வந்த போர்வீரர்; பல்கலைக்கழகத்திற் பயின்ற செடிநூல் வல்லுநர் அல்லர். ஆயினும், மலையாள நாட்டின் காடுகளினூடே பயணம் செய்தபோது கண்ட பசுமை அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது.

கம்பெனிக்கு ஒரு கணக்கும் இருந்தது. படைவீரர்க்கும் மாலுமிகளுக்கும் வேண்டிய மருந்துகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றுட் சில, கிழக்கு நாடுகளிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்று, பழையதாகித் திரும்பி வந்தவை. கையருகில் பச்சையாகக் கிடைப்பதை விட்டுவிட்டு உலர்ந்ததை விலை கொடுத்து வாங்குவானேன் என்று ரீட் எண்ணினார். கொழும்பையே தலைமையிடமாக உயர்த்த விரும்பிய மேலதிகாரி ரைக்லாஃப் வான் கூன்ஸ் என்பவரோடு அவருக்கு வேற்றுமையும் இருந்தது. கொச்சி எத்துணை வளமான நாடு என்பதை மெய்ப்பிக்கவும் ஒரு நூல் உதவும் அன்றோ! நல்ல நூல்கள் தூய நோக்கத்தினால் மட்டும் பிறப்பதில்லை போலும்.

மேத்யூ என்னும் இத்தாலியக் கார்மெலைட் பாதிரியார் முதலில் இப்பணிக்குத் துணையாயிருந்தார். பின்னர் கொச்சியில் இருந்த டச்சுப் பாதிரியார் ஜோஹன்னஸ் காசேரியஸ், தொடக்கப் பகுதிகளை இலத்தீன் மொழியில் எழுதும் பொறுப்பை ஏற்றார். ஆனால், செடியின் பெயரும் குணமும் பாதிரிமாருக்கும் தளபதிக்கும் எவ்வாறு தெரியும்? அவற்றை அறிந்தவர் வேறு இடத்தில் இருந்தார்.

சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் கொல்லாட்டு வீடு என்றொரு வைத்தியக் குடும்பம் இருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். குடும்பத்தின் வழிவழி வந்த ஓலைச்சுவடிகளும், கண்டு தொட்டு அறிந்த அனுபவமும் அவருடைய செல்வம். அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, கொச்சியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்னெய்ரோ அதைப் போர்த்துக்கீசிய மொழியில் ஆக்கினார். அதிலிருந்து அது இலத்தீனுக்குச் சென்றது. ஒரு செடியின் குணம் மூன்று மொழிகளைக் கடந்து ஐரோப்பியன் கண்ணில் பட்டது.

அவரோடு ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி அந்தணரும் பணி செய்தனர். கோவாவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு அஞ்சித் தெற்கே வந்து கொச்சியிற் குடியேறிய கவுட சாரஸ்வத மரபினர் இவர்கள். மட்டாஞ்சேரியின் செர்லாயிப் பகுதியும் அங்குள்ள திருமலை தேவஸ்வம் கோயிலும் இன்றும் அம்மரபினரின் நடுவிடம். வடமொழி நிகண்டிலிருந்து இவர்கள் செடிகளின் குணங்களைக் கூறினர்.

ஆட்கள் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சென்று, பூவும் காயும் உள்ள பருவம் பார்த்துச் செடிகளைக் கொச்சிக்குக் கொணர்ந்தனர். வாடுமுன் ஓவியர் அவற்றை வரைந்தனர். வைத்தியரும் பண்டிதரும் தளபதியின் முன்னிலையில் கூடி, இதன் பெயர் இது, குணம் இது என்று விவாதித்து முடிவு செய்தனர். சாதியும் சமயமும் நாடும் வேறான மாந்தர் ஒரு கிளையைச் சுற்றி அமர்ந்து பேசிய அக்காட்சியை எண்ணிப் பார்க்கையில் மெய் சிலிர்க்கிறது.

தாம் கூறியவை உண்மையே என்று அவர்கள் எழுதிக் கொடுத்த சான்றுகள் நூலின் முதற் பகுதியிலேயே அச்சாகியுள்ளன. இட்டி அச்சுதனின் சான்று கோலெழுத்தில் உள்ளது. அது பாண்டி நாட்டிலும் வழங்கிய பழைய வட்டெழுத்தின் வழியில் வந்தது. பண்டிதர் மூவரின் சான்று நாகரி எழுத்தில் உள்ளது. அச்சான்றுகளின் நாள் 1675-ஆம் ஆண்டு ஏப்ரல் 20. நம் கணக்கில் அது சித்திரை மாதம். அதாவது, கொன்றை பூத்து நின்ற ஓர் இளவேனிற் காலத்திலேதான் இட்டி அச்சுதன் தம் எழுத்தாணியை எடுத்துக் கையெழுத்திட்டார்!

நூலின் பெயர் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 'மலையாள நாட்டுத் தோட்டம்' என்று பொருள் கொள்ளலாம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பகுதிகளாக அது வெளிவந்தது. 742 செடிகொடி மரங்களும், 790-க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்களும் அதில் உள்ளன. படங்களில் பெயர்கள் உரோமன் எழுத்தில் மட்டுமன்றி மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டன. மலையாள எழுத்து முதன்முதலாக அச்சேறியது இந்நூலிலேதான் என்பர்.

தமிழரான நாம் ஈண்டு ஒன்றை நினைவு கூரலாம். அண்டிரிக் அடிகளார் தமிழில் ஆக்கிய 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூல் 1579-இல் இதே கொச்சியில் தமிழ் எழுத்திலே அச்சாயிற்று. ஆகவே, கொச்சி நமக்கு வெறும் பிழைப்பூர் அன்று. தமிழ் அச்சின் தொட்டில்களுள் ஒன்று.

தெரிந்த பெயர்கள்

அந்நூலின் முதற் பகுதியைப் பற்றி அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட வியப்புக்கு எல்லையில்லை. முதலில் வருவது தென்னை. அடுத்துக் கமுகு. பின்னர்ப் பனை. அதன்பின் வாழை. கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் சென்ற பெருநூல், நம் கொல்லைக் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் மரங்களோடு தொடங்குகிறது!

பெயர்களைப் படித்தால் அயன்மொழி என்றே தோன்றவில்லை. இலத்தீன்காரர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால் சற்று மாறியிருக்கிறது, அவ்வளவே. 'கொன்னா' என்பது நம் கொன்றை. 'செம்பரித்தி' நம் செம்பருத்தி. 'செட்டி' என்று எழுதப்பட்டது தெச்சி, அதாவது வெட்சி. 'நெல்லிக்காமரம்' நெல்லியே. 'ஆரியவேப்பு' நம் வேம்பு. 'அத்தியாலு' அத்தி; 'அரயாலு' அரசு; 'பேராலு' ஆல். 'எலெங்கி' என்பது மகிழமரம். தமிழிலும் இலஞ்சி என்பது மகிழுக்கு ஒரு பெயர். மலையாளமும் தமிழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையிற் கேட்பதைவிட, ஒரு கொல்லையில் நின்று மரங்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும்.

இப்பெயர்கள் உலகம் முழுவதும் சென்றன. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கெல்லாம் இரு சொற் பெயரிட்டு நூல் வெளியிட்டபோது, இந்தியச் செடிகளுக்கு ரீட்டின் நூலைப் பெரிதும் நம்பினார். மகிழமரத்துக்கு அவர் இட்ட பெயர் 'மிமுசாப்ஸ் எலெங்கி'. செண்பகத்தின் விஞ்ஞானப் பெயரில் 'சம்பகா' இருக்கிறது. முருங்கையின் பெயர் 'மொரிங்கா'. இன்று உலகின் எம்மூலையிலும் ஒரு மாணவன் மகிழமரத்தின் பெயரைச் சொன்னால், தன்னையறியாமல் ஒரு கொச்சிக்காரரின் உச்சரிப்பைச் சொல்கிறான்.

குடியேறிய மரங்கள்

இன்னொன்றும் எம்மைச் சிந்திக்க வைத்தது. அந்நூலில் முந்திரி உண்டு, பப்பாளி உண்டு, கொய்யா உண்டு, அன்னாசி உண்டு. இவற்றுள் ஒன்றுகூட இந்நாட்டுக்கு உரியதன்று. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1500-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. அதன்பின் ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்குள் இம்மரங்கள் மலையாள நாட்டுத் தோட்டங்களில் வேரூன்றி, உள்நாட்டுப் பெயரும் பெற்று, 'மலையாள நாட்டுத் தோட்டம்' என்ற நூலிலேயே இடம்பிடித்துவிட்டன. மலையாளத்தில் முந்திரிக்குக் 'கப்பல்மாவு' என்றும் ஒரு பெயர் உண்டு. கப்பலில் வந்த மா என்று பொருள். வந்த வழியைப் பெயர் மறக்கவில்லை. ஆனால், அதனால் அதை யாரும் அயலென்று ஒதுக்கவுமில்லை.

மட்டாஞ்சேரியின் மாந்தரும் அவ்வாறே. 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்துக்குப் 'பரதேசி' என்றே பெயர். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பற்பல மரபினர் இங்கே ஒரு சில தெருக்களுக்குள் வாழ்கின்றனர். கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையினரின் உடை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. ரெயில்வேயிலும், துறைமுகத்திலும், வணிகத்திலுமாகப் பின்னர் வந்த நாமும் அந்த வரிசையில் சேர்ந்தவர்களே. பப்பாளியைப் பார்த்து, "உன் ஊர் எது?" என்று இன்று யாரும் கேட்பதில்லை. நம் பேரக்குழந்தைகளையும் ஒரு நாள் யாரும் கேளாதிருப்பர்.

மறதியும் மீட்சியும்

ரீட் 1677-இல் மலையாளக் கரையை விட்டு நீங்கினார். பின்னர் கம்பெனியின் உயர் ஆணையராகத் திரும்பி வந்து, சோழமண்டலக் கரையையும் பார்வையிட்டார். டச்சுக்காரரின் தலைமையிடம் 1690-இல் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மாறியதற்கு அவரே காரணர். 1691 டிசம்பரில் கொச்சியிலிருந்து சூரத் செல்லும் வழியில் கப்பலிலேயே காலமானார். சூரத்தில் அவருக்குப் பெரியதொரு கல்லறை மண்டபம் இன்றும் இருக்கிறது. தம் நூலின் பன்னிரண்டாம் பகுதியைக் காண அவர் உயிரோடில்லை. காசேரியஸ் பாதிரியாரோ 1677-லேயே இறந்தார். 'காசேரியா' என்னும் செடிப் பேரினப் பெயராக அவர் பெயர் நிலைத்தது.

இட்டி அச்சுதனுக்கு மண்டபம் எழவில்லை. நூல் இலத்தீனில் இருந்தமையால், அதற்கு உயிர் கொடுத்த மக்களின் பிள்ளைகளே முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் படிக்க இயலவில்லை. வடபரவூரில் 1938-இல் பிறந்த டாக்டர் கே. எஸ். மணிலால், கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்துச் செடிநூற் பேராசிரியர். முப்பதாண்டுகளுக்கும் மேலாக உழைத்து, நூலிற் கண்ட செடிகளை மீண்டும் மலையாளக் கரையெங்கும் தேடிக் கண்டறிந்து, இலத்தீன் முழுவதையும் மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் ஆங்கிலப் பதிப்பையும், 2008-இல் மலையாளப் பதிப்பையும் வெளியிட்டது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். இட்டி அச்சுதனின் சொல், அவருடைய தாய்மொழிக்குத் திரும்பி வர 330 ஆண்டுகள் ஆயின!

செடிகளுக்கு இவ்வாறு என்றால் பறவைகளுக்கும் இந்நாட்டில் நல்லூழ் உண்டு. 1933-இல் சாலிம் அலி அவர்கள் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் இங்குள்ள பறவைகளைக் கணக்கெடுத்தார். 'இந்துசூடன்' என்ற புனைபெயரில் கே. கே. நீலகண்டன் மலையாளத்தில் எழுதிய கேரளப் பறவைகள் நூல் 1958-இல் வெளிவந்தது. நம் தமிழரான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் தாம் இறக்கும் வரை, 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் வீட்டுப் பல்லி, அணில், காகம் முதலியவற்றைப் பற்றியும் எழுதி வந்தார். காடு சென்றால்தான் வனவிலங்கைக் காணலாம் என்பது பொய். சன்னலைத் திறந்தாலும் காணலாம் என்பது அவர் எழுத்து நமக்கு உணர்த்துவது.

ரெயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லாமலிருக்க இயலாது. ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-இல் கொச்சி அரசு ரெயில் பாதை அமைத்தது. அந்தப் பழைய ரெயில் நிலையத்தின் பக்கத்திலே, உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால், கண்டல் மரங்கள் அடர்ந்த மங்களவனம் இருக்கிறது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அந்நிலத்தில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. 2004-இல் அது பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நகரத்தின் நடுவே, தண்டவாளத்தின் ஓரத்தில், யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு துண்டு நிலம் இன்று நகரத்துக்கே மூச்சுக்காற்றாக இருக்கிறது.

மீண்டும் தீர்மானத்துக்கு வருவோம்

இவற்றையெல்லாம் அறிந்த பின், யாம் எழுதிய தீர்மானத்தை மறுபடி எடுத்துப் படித்தோம். "பயனற்ற செடிகொடிகள்" என்ற தொடர் எம்மைச் சுட்டது. நூலைத் தேடிச் செல்லுமுன் எமக்குப் பெயர் தெரிந்திருந்தவை பதினொன்று. மற்ற இருபதையும் பெயர் தெரியாத காரணத்தினாலே பயனற்றவை என்று எழுதிவிட்டோம். அறியாமை நம்முடையது, தண்டனை செடிக்கு!

எம் அன்னையாரிடம் இதைச் சொன்னபோது அவர் கடிந்துகொண்டார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணமாகிக் கொச்சிக்கு வந்த நாளில் இக்கொல்லையில் தும்பையையும் குப்பைமேனியையும் கண்டுதான் தமக்கு ஊர் நினைவு சற்று ஆறிற்று என்றார். "மனிதர் பேச்சு விளங்கவில்லை, செடியெல்லாம் நம்மூர்ச் செடியாயிருந்தது" என்று அவர் சொன்னதைக் கேட்டு யாம் மறுமொழி சொல்ல இயலாது நின்றோம். நாற்பதாண்டுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் இதை யாம் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை.

கொசுவும் தேங்கிய நீரும் பொய்யல்ல. சிறு குழந்தைகள் உள்ள வீட்டார்க்குப் பாம்பச்சம் இருப்பது இயல்பு. எல்லாப் பாம்பும் சாரையாயிருக்கும் என்று யாம் உறுதி கூற இயலாது. வண்டி நிறுத்த இடமில்லை என்போர் குறையும் நியாயமானதே. ஆயினும், மண்ணை முழுவதும் கல்லால் மூடிவிட்டால் மழைநீர் எங்கே இறங்கும்? 2018 ஆகஸ்டு வெள்ளத்தைக் கண்ட கேரளத்தில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கல் பதித்த முற்றத்து நீர் நம் வாசற்படியைத்தான் தேடி வரும்.

ஆகவே, ஆண்டு விழாவை அடுத்து வரும் பொதுக்கூட்டத்தில் பழைய தீர்மானத்தைத் திருத்துமாறு யாமே முன்மொழியவிருக்கிறோம். எம் கருத்து இது: அடைத்துக் கிடக்கும் கால்வாயைத் தூர்வாரி நீர் வடிய வழி செய்வோம். வீடுகளை ஒட்டி ஆறடி அகலம் செடிகளை அகற்றித் துப்புரவாக வைப்போம், பாம்பச்சம் குறையும். சாலையோர மூலையில் மட்டும் வண்டிகளுக்குக் கல் பதிப்போம். மற்ற நிலத்தை மரங்களுக்கும் அணிலுக்கும் குயிலுக்கும் விட்டுவிடுவோம். ஒவ்வொரு மரத்திலும் தமிழிலும், மலையாளத்திலும், கொங்கணியருக்காக நாகரியிலும் பெயரெழுதிய பலகை ஒன்றை நம் பிள்ளைகளைக் கொண்டே மாட்டுவோம். மரத்தில் ஆணி அடிக்காமல் கயிற்றாற் கட்ட வேண்டும் என்பது தேங்காய் பறிக்கும் பெரியவரின் கட்டளை. பெயர் சொல்லிக் கொடுக்க அவரே வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி வேண்டாம், ஒரு வேளைச் சோறு போதும் என்றார். கூலியும் சோறும் இரண்டும் கொடுப்பது நம் கடமை.

வாக்கெடுப்பில் எம் திருத்தம் தோற்கவும் கூடும். அவ்வாறாயின் பெரும்பான்மைக்குத் தலைவணங்குவோம். ஆனால், அன்று கை தூக்குமுன் அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் காலையில் ஆறு மணிக்குக் குழந்தைகளோடு கொல்லைக் கதவைத் திறந்து அரை நாழிகை நிற்க வேண்டுமென வேண்டிக்கொள்கிறோம். கொன்றை இன்னும் பூத்திருக்கிறது. 1675-இல் இட்டி அச்சுதன் கண்டு பெயர் சொன்ன அதே கொன்றையின் வழிவந்த மரம் அது. அதன் பெயரை நம் குழந்தை நம்மிடம் கேட்டால், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.